அஞ்சாம் நாள் முறை

ஆண்டாயிக்கு இரண்டு மேனேஜர்கள். ஒருவர் சிமெண்ட் ஃபேக்டரி கேன்டீனில் மேஜை போட்டு உட்கார்ந்திருக்கும் குழந்தைவேல். இன்னொன்று, ரெட்டிபாளையத்துக்குத் தெற்கே ஒன்றரை மைல் தள்ளிக் கரிசல் காட்டில் வாயைத் திறந்துகொண்டு கிடக்கும் ஒரு பாறைக்கிணறு. முதலாமவரிடம் கெஞ்சலாம், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம், அவர் நல்ல மனநிலையில் இருக்கும் நேரம் பார்த்துப் பேசலாம். கிணற்றிடம் அதெல்லாம் நடக்காது. அதற்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. அஞ்சு நாளைக்கு ஒரு முறை.

அந்தக் கிணற்றை வெட்டியதே அவள் அப்பன் ராசாங்கம்தான். நாலு நிலக்காரச் சம்சாரிகள் சேர்ந்து ஆரம்பித்த கிணறு. பதினெட்டடியில் பாறை வந்தது. வெடி வைத்து, கல் தூக்கி, ஒரு கோடை முழுக்க வெட்டியும் ஈரம் தட்டவில்லை. நாலு பேருக்கும் கை காய்ந்துவிட்டது. "கூலிக்குப் பதிலா ஒரு பங்கு குடுங்க, நான் வெட்டுறேன்" என்றான் ராசாங்கம். தண்ணீர் வராத கிணற்றில் பங்கு கேட்கிறானே என்று நாலு பேரும் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். நாற்பத்தோராவது அடியில் ஊற்று திறந்தது. சிரிப்பு நின்றது. முத்திரைத்தாளில் எழுதியது எழுதியதுதான். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரும், மேட்டு ஓரத்தில் அரைக்காணி நிலமும் ராசாங்கத்துக்கு. தலைமுறை தலைமுறையாக அடுத்தவன் வரப்பில் நின்று வேலை பார்த்த குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு வரப்பு வந்தது அப்படித்தான்.

தாளில் இன்னொரு வரியும் இருந்தது. தொடர்ந்து மூன்று முறை தண்ணீர் இறைக்காமல் விட்டவர் பங்கை மற்றவர்கள் பிரித்துக்கொள்ளலாம். பிழைக்க வெளியூர் போகிறவன் பங்கைக் கிடப்பில் போட்டுவிடக் கூடாது என்று அந்தக் காலத்தில் எழுதியது. ராசாங்கம் கைநாட்டு வைத்தபோது அதைப் படித்துக் காட்டினார்களா என்பது யாருக்கும் தெரியாது.

அப்பனுக்குப் பிறகு ஆண்டாயி அரைக்காணியில் மிளகாய் போட்டாள். புருஷன் உத்திராபதி நெய்வேலியில் காண்ட்ராக்ட் வேலை. மாதத்தில் ஒரு ஞாயிறு வருவான், துணி துவைத்து எடுத்துக்கொண்டு போவான். மடை மாற்றுவது, களை எடுப்பது, பழம் பறிப்பது எல்லாம் இவள்தான். தண்ணீர் இறைக்கிற ஆயில் இன்ஜின், அந்த நாலு கிணற்றுப் பங்காளிகளில் பெரியவரான வீரமுத்துவுடையது. விடியலிலிருந்து பதினோரு மணி வரைக்கும் அந்த இன்ஜின் இங்கே. பிறகு மாட்டுவண்டியில் ஏற்றி அவருடைய இன்னொரு கிணற்றுக்குக் கொண்டுபோய்விடுவார். முறைக்காரர்தான் டீசல் ஊற்ற வேண்டும். அந்த டீசலுக்காகத்தான் ஆண்டாயி கேன்டீனில் அரை ஷிப்ட் வேலைக்குச் சேர்ந்தாள். மதியம் ஒன்று முதல் ஐந்து வரை. காலையில் கிணறு, மதியம் கேன்டீன். ஒன்றரை வருஷம் இரண்டு மேனேஜர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலே அவள் காலத்தை ஓட்டிவிட்டாள்.

எண்பத்திரண்டாம் வருஷம் மாசி மாதம் ஒரு சனிக்கிழமை, குழந்தைவேல் போர்டில் அடுத்த வாரத்து ஷிப்ட் எழுதினார். சாக்பீஸை இரண்டாக உடைத்து, அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, அச்சடித்த மாதிரி எழுதுவார். அரை ஷிப்ட் பெண்கள் பதிமூன்று பேரும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்கள். ஆண்டாயி பெயர் காலை வரிசையில் இருந்தது. ஐந்து முதல் ஒன்பது.

"சார், எம்பேரு மாறிக் கெடக்குதுங்க."

"மாறல. மாத்தியிருக்கேன்" என்றார் அவர் திரும்பாமல். "காலையில இட்லிக்குக் கை பத்தல. உன் கை வேகமான கை. பாராட்டுன்னு வெச்சுக்க."

"நாளைக்கே காலையில வரேன் சார். நான் மாட்டேங்கல. ஆனா செவ்வாக்கெழம மட்டும் என்னை மதியத்துல போட்டுருங்க. அன்னைக்கு என் தண்ணி முறை."

"அரை ஷிப்ட்டுல சேரும்போது என்ன சொன்னேன்? போடற எடத்துல நிக்கணும். ஒருத்திக்கு ஒரு நாள் விட்டா பதிமூணு பேருக்கும் பதிமூணு நாள் விடணும்."

"அம்சவள்ளி மதியம்தானே சார். செவ்வாக்கெழம அவ காலையில வரட்டும், நான் அவளுக்குப் பதிலா…"

"ஆள் மாத்துறது கெடையாது."

அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் மாறியது. இடது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பைத் தடவிக்கொண்டார். அந்தத் தழும்பின் கதை கேன்டீனில் எல்லோருக்கும் தெரியும். முன்பு வேலை பார்த்த ஒரு மில் கேன்டீனில் இரண்டு பேர் தங்களுக்குள் ஆள் மாற்றிக்கொண்டார்கள். இவள் வருவாள் என்று அவள் வீட்டில் இருந்துவிட்டாள், அவள் வருவாள் என்று இவளும் இருந்துவிட்டாள். அன்றைக்குச் சோறு இல்லாத எண்பது பேர் தட்டால் தாளம் போட்டார்கள். அதில் ஒரு தட்டு பறந்து வந்தது. இங்கே வந்ததும் முதல் வேலையாகக் காலை ஷிப்ட்டுக்கு வெள்ளைத் தகர டோக்கன், மதிய ஷிப்ட்டுக்குச் சிவப்பு டோக்கன் என்று அடித்துக் கேட் காவலாளி கண்ணையனிடம் கொடுத்துவிட்டார். நிறம் மாறினால் கண்ணையன் உள்ளே விடமாட்டான்.

அவர் கெட்டவர் இல்லை. பெண்களிடம் பல்லைக் காட்டிப் பேசமாட்டார். சாம்பாரில் தண்ணீர் ஊற்றச் சொல்லமாட்டார். ஆனால் லால்குடிப் பக்கத்துக்காரர். வாய்க்காலில் தண்ணீர் தானாக வந்து வயலுக்குள் படுத்துக்கொள்கிற ஊர். தண்ணீருக்கு நாள் குறிப்பார்கள் என்பது அவர் கேள்விப்படாத சங்கதி.

செவ்வாய்க்கிழமை ஆண்டாயி வேலைக்குப் போனாள். ஒன்பது மணிக்கு டோக்கனைக் கொடுத்துவிட்டு, கேட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாகக் காட்டுக்கு வந்தாள். கிணற்றங்கரையில் இன்ஜின் இல்லை. வண்டிச் சக்கரம் பதிந்த தடம்தான் இருந்தது. மறுநாள் வழியில் பார்த்த வீரமுத்துவிடம் கேட்டாள்.

"என்னண்ணே, பதினோரு மணி வரைக்கும் என் முறைதானே?"

அப்பன் 'ஐயா' என்று கூப்பிட்ட ஆளை ஆண்டாயி 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். அது அவருக்குப் பிடிக்காது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டாள்.

"ஆளில்லாத முறைக்கு இன்ஜின் எதுக்கு வெயில்ல நிக்கணும்? ஏழு மணி வரைக்கும் பாத்தேன். கெளப்பிட்டேன்" என்றார் வீரமுத்து. "ஒனக்கென்ன, ஃபேக்டரிச் சம்பளம். ஒரு முறை போச்சு. இன்னும் ரெண்டு போனா அந்தத் தாளை எடுத்துப் பாக்க வேண்டியதுதான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் சிரிப்பு அப்பன் காலத்தில் நின்ற இடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்த மாதிரி இருந்தது.

அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமை. ஃபேக்டரி சூளைக்கு ஞாயிறு கிடையாது, அதனால் கேன்டீனுக்கும் கிடையாது. வெள்ளிக்கிழமையே போய்க் கேட்டாள். குழந்தைவேல் பேனாவை மூடினார்.

"போன வாரம் செவ்வாய்ன்ன. இப்ப ஞாயிறுங்கிற. எந்த ஊர்லம்மா தண்ணி கெழமை மாத்திக்கிட்டு வருது?"

"அஞ்சு பங்காளிங்க சார். ஆளுக்கு ஒரு நாள். அஞ்சாம் நாள் அஞ்சாம் நாள் வரும். வாரத்துக்கு ஏழு நாளுல்ல, அதனால கெழம நகந்துக்கிட்டே போவும்."

"பொய் சொல்றதுக்கும் ஒரு கணக்கு வேணும்மா" என்றார் அவர். கோபமாகக் கூடச் சொல்லவில்லை, அலுப்பாகச் சொன்னார். அதுதான் அவளுக்குச் சுருக்கென்றது.

பொய். ஆண்டாயி கேன்டீன் பின்கட்டில் உட்கார்ந்து இட்லித் தட்டுத் துணிகளை அலசினாள். நாலு துணி அலசியிருப்பாள், அதற்குள் முடிவு செய்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கே வருவது. வேலைக்கு வராமல் நின்றுவிட்டால், அவர் சொன்ன பொய்யை இவளே உண்மை ஆக்கின மாதிரி ஆகிவிடும். ஆனால் மூன்றாவது முறை அப்படி விடுவதில்லை. நடுவில் இருக்கிற நாட்களில் அந்த மனுஷனுக்குக் கணக்கைக் காட்டியாக வேண்டும்.

கேன்டீன் சுவரில், கல்லாப் பெட்டிக்கு மேலே, தினசரித் தாள் கிழிக்கிற காலண்டர் ஒன்று தொங்கியது. அதைக் கிழிக்கிற உரிமை குழந்தைவேலுக்கு மட்டும்தான். காலையில் வந்ததும் பேனாவைக் கூட எடுக்கமாட்டார், முதலில் முந்தின நாள் தாளைக் கிழித்து, நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு, அன்றைய ராசிபலனைப் படிப்பார். ஞாயிறு காலை அவர் ஸ்டோர் ரூமில் அரிசி அளந்துகொண்டிருந்த நேரம், ஆண்டாயி மஞ்சள் டப்பாவைத் திறந்தாள். விரலில் தண்ணீர் தொட்டு, மஞ்சளில் தொட்டு, அன்றைய தாளில் ஒரு பொட்டு. ஐந்து தாள் தள்ளி, வெள்ளிக்கிழமையில் ஒரு பொட்டு. புதன், திங்கள், சனி. ஒவ்வொன்றாகத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டே போனாள்.

"ஏ ஆண்டாயி, காலண்டருக்குச் சீமந்தமா?" என்றாள் அடுப்படியிலிருந்து பெரியம்மாள். அறுபதை நெருங்குகிறவள், முழு ஷிப்ட்காரி, கேன்டீனில் மூத்தவள். அவள் வாய்க்குக் குழந்தைவேலும் கொஞ்சம் பயப்படுவார்.

"சாருக்கு நாள் தெரியணுமுல்ல அத்த."

"வேணாம்டி. அந்த மனுசன் பொண்டாட்டியக் கூடத் தொட வுடுவாரு, காலண்டரத் தொட வுடமாட்டாரு."

டிசம்பர் வரைக்கும் வைத்துவிட்டுத்தான் டப்பாவை மூடினாள்.

மறுநாள் காலை தாளைக் கிழித்த குழந்தைவேல் கையில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது. அடியில் இருந்த தாள்களைப் புரட்டினார். இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பொட்டு.

"யாரு இது? காலண்டர்ல மஞ்சள் வெக்க இது என்ன மாரியம்மன் கோயிலா?"

ஆண்டாயி கரண்டியை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். "நான்தான் சார். அதெல்லாம் என் முறை நாளு. செவ்வாய்க்கும் நேத்துக்கும் நடுவுல எத்தனை நாளுன்னு எண்ணிப் பாருங்க. பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவுல எண்ணிப் பாருங்க. ஒண்ணு பெசகியிருந்தா, நான் பொய் சொன்னேன்னு போர்டுலயே எழுதிப் போடுங்க."

"எனக்கு வேற வேலை இல்லையா?"

"இருக்குதுங்க. எனக்கும் ரெண்டு வேலை இருக்குது." கொஞ்சம் நிறுத்திச் சொன்னாள். எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "சார், இன்னைக்குத் திங்கக்கெழம. இப்பவே சொல்லிடறேன். வர்ற வெள்ளிக்கெழம காலையில நான் வரமாட்டேன். எனக்குப் பதிலா அம்சவள்ளி வருவா. அவ மதியத்துக்கு நான் ஒரு மணிக்கு வருவேன். சொல்லாம நிக்கிறவ இல்ல நான். ரெண்டு முறை தண்ணிய விட்டுட்டு ஒங்க வேலைக்கு வந்தேன். மூணாவது முறைய விட்டா எங்கப்பன் வெட்டுன கிணறு எனக்கில்ல."

குழந்தைவேல் கிழித்த தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

"வெள்ளிக்கிழமை வரலன்னா சனிக்கிழமை ஒனக்கு டோக்கன் இல்ல" என்றார் குழந்தைவேல்.

"சரிங்க சார். நான் சொல்லிட்டேன். நீங்களும் சொல்லிட்டீங்க."

மதிய ஷிப்ட்டுக்கு வந்து விஷயத்தைக் கேட்ட அம்சவள்ளி, ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் ஆண்டாயி வீட்டுக்கு ஓடி வந்தாள். இருபத்துமூன்று வயசு, இரண்டு பிள்ளைகள். "என்னக்கா இப்புடிப் போட்டு ஒடைச்சிட்ட?"

"ஒனக்குப் பயமா இருந்தா வேணாம்மா. நான் வேற யாரையாவது கேக்கறேன்."

"பயமெல்லாம் இல்ல. அஞ்சு நாளைக்கு ஒரு மதியம் வூட்ல கால நீட்டித் தூங்கலாமுல்ல. அதுக்காக நான் தட்டடியும் வாங்குவேன்."

வெள்ளிக்கிழமை விடியும்போது ஆண்டாயி கிணற்றங்கரையில் நின்றாள். வீரமுத்து வண்டியோடு வந்தவர் அவளைப் பார்த்ததும் மாட்டின் மூக்கணாங்கயிற்றைச் சரிசெய்கிற மாதிரி கொஞ்ச நேரம் குனிந்தே இருந்தார்.

"வேலைக்குப் போகலியா?"

"போவணும். ஒரு மணிக்கு."

டீசல் ஊற்றினாள். ஹேண்டிலைப் போட்டுச் சுழற்றினாள். இரண்டு முறை இருமிவிட்டு மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. குழாய் வாயிலிருந்து முதலில் காற்று வந்தது, பிறகு மண்வாசனை, பிறகுதான் தண்ணீர். பதினைந்து நாள் காய்ந்த பாத்திகள். இலைகள் எல்லாம் விரல் மடக்கின மாதிரி சுருண்டு கிடந்தன. தண்ணீர் முதல் பாத்திக்குள் போனதும் வெடிப்புகள் சளசளவென்று குடிக்கிற சத்தம் கேட்டது. மம்பட்டியால் ஒரு மடையை அடைத்து அடுத்ததைத் திறந்துகொண்டே போனாள். மேட்டு ஓரத்துக் கடைசிப் பாத்தி நனைந்தபோது பத்தரை. அப்புறமும் இன்ஜினை நிறுத்தவில்லை. பதினோரு மணி வரைக்கும் தன் முறை. ஃபேக்டரிச் சங்கு ஊதுகிறவரை நனைந்த பாத்திக்கே இன்னொரு வாய் கொடுத்தாள். வீரமுத்து வேப்பமரத்து நிழலில் வண்டியோடு காத்திருந்தார். அவர் முத்திரைத்தாளைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

கஞ்சி குடித்து, சேலை மாற்றி, ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே கேட்டுக்கு வந்துவிட்டாள். கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் அம்சவள்ளி உட்கார்ந்திருந்தாள்.

"என்ன இங்க உக்காந்திருக்க?"

"காலையில நாலே முக்காலுக்கே வந்துட்டேன்க்கா. ஒம்பது மணி வரைக்கும் நின்னு பாத்துட்டு வூட்டுக்குப் போயி, இப்பத்தான் ஒனக்குச் சொல்லத் திரும்பி வந்தேன். செவப்பு டோக்கன்காரிய வுடாதேன்னு சாரு நேத்தே சொல்லிட்டாராம். கண்ணையண்ணன் வுடல."

கண்ணையன் வேறெங்கோ பார்த்தான். "எனக்குச் சொன்னதைத்தான் நான் செய்யறேன். நெறத்தைப் பாருன்னாரு, பாக்கறேன்."

"அப்ப இட்லி?" என்றாள் ஆண்டாயி.

கேட்டுக் கம்பிக்கு உள்ளே பெரியம்மாள் வந்து நின்றாள். காலையிலிருந்து இதைச் சொல்வதற்காகவே வாயைக் கட்டி வைத்திருந்தவள் மாதிரி இருந்தது. "இட்லியா? சாரு கைப்பட ஊத்துனாரு. ஒரு குழி ரொம்பி வழியுது, ஒரு குழி பொட்டுக் கூட இல்ல. ஆவியில கையை வுட்டு மணிக்கட்டுல தோலு உரிஞ்சு போச்சு. பேக்கிங் ஆளுங்க அரைமணி நேரம் நின்னாங்க. தட்டு மட்டும் பறக்கல, அவரு அதிர்ஷ்டம்."

அம்சவள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள். ஆண்டாயிக்குச் சிரிப்பு வரவில்லை. வருவாள் என்று சொன்ன ஆள் வந்து வாசலில் நின்றிருக்கிறாள். உள்ளே விடாதது அவர். ஆனால் பசியோடு நின்றவர்களுக்கு அது தெரியுமா? இன்றைக்கும் ஆள் மாற்றினால் இப்படித்தான் ஆகும் என்றுதானே அவர் சொல்வார்?

அம்சவள்ளி சிவப்பு டோக்கனை வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம், அவள் ஷிப்ட்தான்; வெள்ளை டோக்கன்காரியான ஆண்டாயிதான் போக முடியாது. "போ" என்றாள் ஆண்டாயி. "ஒன் வேலை நிக்கக் கூடாது."

"நீ?"

"ஒரு மணிக்கு வரேன்னு சொன்னேன். வந்துட்டேன். உள்ள வுடறது அவங்க வேலை. வர்றது என் வேலை."

கேட்டுக்கு வெளியே, தூணை ஒட்டி நின்றாள். மாசி வெயில் தார் ரோட்டிலிருந்து எழும்பி முகத்தில் அடித்தது. சுண்ணாம்புக்கல் லாரிகள் போகும்போதெல்லாம் மேலே வெள்ளையாகத் தூசி படிந்தது. அரைமணி நேரம் ஆகியிருக்கும். கண்ணையன் அவளைப் பார்க்கவும் முடியாமல், பார்க்காமல் இருக்கவும் முடியாமல் தவித்தான்.

"ஏம்மா வம்பு? வூட்டுக்குப் போயேன்."

"அஞ்சு மணிக்குப் போவேன்ண்ணே. என் ஷிப்ட்டு அதுவரைக்கும்."

அப்போது பெரியம்மாள் இடுப்பில் ஒரு கூடை சின்ன வெங்காயத்தோடு கேட்டுக்கு வந்தாள். கம்பிக்கு அடியிலிருந்த சந்தில் கூடையை வெளியே தள்ளினாள். முறத்தையும் கத்தியையும் தள்ளினாள்.

"இது என்ன?" என்றான் கண்ணையன்.

"வெங்காயம். இதுக்கென்ன டோக்கன் வேணுமா? வெள்ளையா செவப்பா நீயே சொல்லு."

ஆண்டாயி தூணடியில் உட்கார்ந்தாள். வெங்காயம் உரிக்க ஆரம்பித்தாள். நாளைக் காலைச் சாம்பாருக்கான வெங்காயம். முறம் நிறைந்ததும் சந்து வழியாக உள்ளே போனது. காலிக் கூடையும் உள்ளே போய், மறுபடியும் நிறைந்து திரும்பி வந்தது. ஷிப்ட் மாறி வெளியே போன ஆட்கள் சிலர் நின்று பார்த்தார்கள். "என்ன, கேன்டீன் ரோட்டுக்கு வந்துட்டுதா?" என்று ஒருவன் கேட்டான். அவள் தலை நிமிரவில்லை. கண்ணில் வழிந்தது வெங்காயத்துக்குத்தான். அதை யாரும் வேறு மாதிரி நினைத்துவிடக் கூடாது என்பதற்காகவே அடிக்கடி முழங்கையால் துடைத்துக்கொண்டாள்.

நாலு மணிக்குமேல் குழந்தைவேல் கேட்டுக்கு வந்தார். மணிக்கட்டில் ஆவி பட்ட எரிச்சலுக்குப் பேனா மை தடவியிருந்தது. இன்னொரு கையில் காலண்டர் அட்டையோடு இருந்தது. சுவரிலிருந்து கழற்றியே கொண்டுவந்துவிட்டார்.

"கம்பியைத் தொற" என்றார் கண்ணையனிடம். வெளியே வந்து அவளுக்கு இரண்டடி தள்ளி நின்றார். முறத்தைப் பார்த்தார்.

"வேரை விட்டுட்டு உரிக்கிற. நல்லாத்தான் உரிக்கிற."

ஆண்டாயி எழுந்து நின்றாள்.

"எண்ணிப் பாத்தேன்" என்றார். "மதியம் சாப்பிட ஒக்காந்தப்ப. மார்ச்சு, ஏப்ரல், மே… அப்புறம் பின்னாடியும் எண்ணினேன். நீ கேட்ட செவ்வாய், ஞாயிறு, இன்னைக்கு. ஒண்ணும் பிசகல."

"அதைத்தான் சார் சொன்னேன்."

"மழை பேஞ்சா என்ன பண்ணுவ? அன்னைக்கும் வரமாட்டியா?"

"மழை பேஞ்சா இறைக்க வேணாம். காலையிலயே வந்துடுவேன். அம்சவள்ளிக்கு முன்னாடியே சொல்லிடுவேன். ஆனா நாளு நகராது சார். மழை பேஞ்சதுன்னு முறைய மறுநாளுக்குத் தள்ளிக்க முடியாது. அன்னைக்கு இன்னொருத்தருக்கு."

அவர் புருவத்துத் தழும்பைத் தடவினார். "எனக்கு என்ன பயம்னு ஒனக்குத் தெரியும்."

"தெரியும். அதனாலதான் யாரு வருவா, எப்ப வருவான்னு நாலு நாளு முன்னாடியே சொன்னேன். அவ நாலே முக்காலுக்கு வந்து இந்த மரத்தடியில நின்னா. நானும் வந்து நின்னேன். ஒங்களுக்கு இன்னைக்கு ஆளு இல்லாம போவல சார். ஆளு வெளியில நின்னுச்சு."

கண்ணையன் வேகமாக ரோட்டின் அந்தக் கோடிக்குப் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

"ஷிப்ட் போடறது நான்தான்" என்றார் குழந்தைவேல். "அது மாறாது. நீ காலை ஷிப்ட்டுதான். அஞ்சாம் நாள் மட்டும் நீயும் அம்சவள்ளியும் மாத்திக்கலாம். ரெண்டு பேர்ல யாரு ஒருத்தி வரலன்னாலும் ரெண்டு பேருக்கும் டோக்கன் கெடையாது. சம்மதமா?"

"சம்மதம் சார். ஆனா அதை போர்டுல எழுதிடுங்க. கண்ணையண்ணனுக்கும் சொல்லிடுங்க. நாளைக்கு நீங்க லீவுல போனா வேற ஒருத்தரு வந்து எங்களுக்குத் தெரியாதுன்னுவாரு."

"எழுதணுமா?"

"எங்கப்பன் கிணத்துக்குக் கைநாட்டு வெச்சாரு. என்ன எழுதியிருக்குன்னு கேக்காம வெச்சாரு சார். நான் கேட்டுத்தான் வெப்பேன்."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் திரும்பிப் போகும்போது, "நாளைக்கு அஞ்சு மணிக்கு வந்துடு" என்றார். "வர்றப்ப அந்த மஞ்சள் டப்பாவைத் தொடாதே. என் ராசிபலன்ல பாதி தெரியல."

சனிக்கிழமை காலை வெள்ளை டோக்கன் அவள் கைக்கு வந்தது. போர்டில், ஷிப்ட் கட்டத்துக்குக் கீழே, அளவுகோல் வைத்துத் தனியாக ஒரு கோடு போட்டு எழுதியிருந்தது. 'அஞ்சாம் நாள்: ஆண்டாயி, அம்சவள்ளி மாற்றம்.' அதற்குப் பிறகு அந்தக் கோட்டுக்குக் கீழே இன்னும் இரண்டு பெயர்கள் சேர்ந்தன. ஒருத்திக்குத் திருமழபாடியில் மாமியார் வைத்தியம், இன்னொருத்திக்குச் சனிக்கிழமை அரியலூர்ச் சந்தை. குழந்தைவேல் முணுமுணுத்துக்கொண்டேதான் எழுதினார். எழுதினார்.

அதற்குப் பிறகு அந்த வருஷம் ஆண்டாயி ஒரு முறையும் விடவில்லை. ஒருநாள் அம்சவள்ளியின் சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோது, பதினோரு மணிக்கு இன்ஜினை நிறுத்தும்வரைக்கும் பொறுக்காமல் நடுவிலேயே கிளம்பி, பாதி பாத்தியைக் காய விட்டுவிட்டு அவளுக்காகக் கேன்டீனுக்கு ஓடினாள். பாதி முறையும் முறைதான், இன்ஜின் ஓடியிருக்கிறது. வீரமுத்துவும் அதைப் பார்த்தார். முத்திரைத்தாள் அவர் பெட்டியிலேயே இருந்தது.

டிசம்பர் கடைசியில் புதுக் காலண்டர் வந்தது. குழந்தைவேல் அதைச் சுவரில் மாட்டி, அட்டையின் மூலையைச் சரிபார்த்து, இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். ஆண்டாயி இட்லிக் கொப்பரையை இறக்கிக்கொண்டிருந்தாள்.

"நேத்துதானே ஒன் முறை, முப்பதாந்தேதி?" என்றார் அவர். "அப்ப அடுத்தது ஜனவரி அஞ்சு. எண்ணிட்டேன்."

ஆண்டாயி கொப்பரையை இறக்கிவைத்தாள். ஆவி அடங்கும்வரை பொறுத்தாள்.

"நாலு சார்" என்றாள். "இன்னைக்கு முப்பத்தொண்ணு. அதை எண்ணாம விட்டுட்டீங்க."